ஷூ போட்டால் குழந்தை சீக்கிரம் நடக்குமா?



போன மாதக் குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி, கடன் தவணை வசூலித்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரம். ஒரு சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, எம் பேத்திக்குப் பதினாலு மாசம் ஆவுது. சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, கையை விட்டா பொத்துனு உக்காந்துர்றா. ஒரு ஷூ வாங்கிப் போட்டா நடந்துருவாளா?"

எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. "கெட்டியான ஷூவா வாங்கு, அப்பத்தான் கணுக்கால் நிக்கும்" என்றார் ஒருவர். "ரெண்டு சைஸ் பெரிசா வாங்கு, அடுத்த தீபாவளி வரைக்கும் ஓடும்" என்றார் இன்னொருவர். "எங்க காலத்துல யாரு ஷூ போட்டா? நாங்க நடக்கலையா?" என்று ஒரு பாட்டி கேட்க, ஒரே சிரிப்பு. கடைசியில் எங்களைப் பார்த்து, "இதைப் பத்திப் பாடம் எழுதுங்களேன்" என்றார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கேட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவத்தையும் சேர்த்து இந்த மாதப் பாடத்தை எழுதியிருக்கிறோம். குழுவில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கலாம்.

முதலில் அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதில்: நடக்காது. எந்த ஷூவும் குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்காது.

வெறுங்கால்தான் வாத்தியார்

குழந்தை நிற்கும்போது அதன் கால்விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? பத்து விரலும் விரிந்து தரையைப் பிடிக்கும். சாய்ந்தால் ஒரு பக்க விரல் அழுத்தும், மறுபக்கம் தளரும். தரை வழுக்குகிறதா, மேடா பள்ளமா என்பதெல்லாம் உள்ளங்கால் வழியாகத்தான் அதற்குத் தெரிகிறது. கெட்டியான ஷூவை மாட்டிவிட்டால் இந்தச் சேதி எதுவும் போய்ச் சேராது. நாம் கையில் தடித்த உறை போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இன்னொன்று. நமது ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. கைக்குழந்தைக்கு இவற்றில் பெரும்பகுதி இன்னும் எலும்பாக இறுகவில்லை. காது மடல் போல வளையும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முழுக்க இறுகி முடிய பதினெட்டு வயது வாக்கில் ஆகிவிடும். இளம் கொடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டிய வடிவத்துக்கே வளர்வதுபோல, இந்தப் பிஞ்சுப் பாதமும் அடைபட்ட வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். அதனால்தான் சின்னதாகிப்போன ஷூவைப் போட்டாலும் குழந்தை உடனே அழுவதில்லை. "அழலையே, அப்ப சரியாத்தான் இருக்கு" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்களுக்குச் செருப்புக் கடித்தால் தெரியும். ஒரு வயதுப் பிள்ளை சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

சரி, எத்தனை மாதத்தில் நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் தனியாக நடப்பது சில குழந்தைகளுக்கு எட்டு மாதம் முடிந்ததுமே வந்துவிடுகிறது. சில குழந்தைகளுக்குப் பதினேழரை மாதம் வரை ஆகிறது. இரண்டும் சரிதான். பதினாலு மாதத்தில் சுவரைப் பிடித்து நிற்கும் பேத்திக்குக் குறை ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் ஓடுகிறது என்பதற்காக நம் மருமகளைக் குறை சொல்ல வேண்டாம். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

"உள்ளங்கால்ல குழிவே இல்ல, தட்டையா இருக்கு, குழிவு வர்ற மாதிரி ஷூ வாங்கணுமா?" என்றும் பலர் கேட்கிறார்கள். போலீஸ், ராணுவ வேலைக்கு ஆள் எடுக்கும்போது தட்டைப் பாதம் பார்ப்பார்கள் என்பதால் வரும் பயம் இது. நடக்கத் தொடங்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்ளங்காலில் கொழுப்புச் சதை மெத்தை போல நிறைந்திருப்பதுதான் காரணம். ஐந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குழிவு தானாக வந்துவிடும். அதற்கென்று தனி ஷூவோ உள்ளே வைக்கும் அட்டையோ தேவையில்லை.

சொல்லப்போனால் கதை நேர்மாறானது. கர்நாடகத்தில் மணிப்பாலைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஆய்வு 1992-ல் வெளியானது. காலணி போட்டுப் பழகிய பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 86 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. போடாத பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 28 பேருக்குத்தான். அதிலும் விரல்கள் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். திறந்த செருப்புப் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. காசு கொடுத்து வாங்கும் ஷூதான் நல்ல பாதம் தரும் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு உடைத்துவிட்டது. நம் பாட்டிக்கு இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆகவே வீட்டுக்குள், திண்ணையில், கூட்டிப் பெருக்கிய சுத்தமான வாசலில் குழந்தை வெறுங்காலோடு நடக்கட்டும். சிமென்ட் தரையில் வெறும் சாக்ஸ் மட்டும் மாட்டி விடாதீர்கள், வழுக்கிவிடும். சக்கரம் வைத்த வாக்கரும் வேண்டாம். குழந்தை அதில் தொங்கிக்கொண்டு நுனிவிரலால் தள்ளிப் பழகுகிறதே தவிர, தன் எடையைத் தாங்கி நடப்பதில்லை. வாக்கரோடு படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபடுகிறது என்பதால் கனடா நாட்டில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் ஊர் மர நடைவண்டி பரவாயில்லை. அதன் பின்னால் குழந்தை தன் காலில்தான் நிற்கிறது. சரிவான இடத்தில் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் செருப்பே வேண்டாமா?

வேண்டும். வாசலைத் தாண்டினால் வேண்டும்.

நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் கிடக்கிற மண் நம்முடையது. உடைந்த பாட்டில் கிடக்கிறது, கட்டட வேலை நடக்கும் இடத்தில் துருப்பிடித்த ஆணி கிடக்கிறது. சித்திரை வெயிலில் தார்ரோடும் கோயில் கல்தளமும் நமக்கே கொப்பளம் போடவைக்கும். பிஞ்சுக் காலுக்குக் கேட்கவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்று உண்டு: கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தில் ஈரமண்ணில் இதன் குஞ்சுப் புழுக்கள் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். குழந்தை வெளுத்துப்போய், சோர்ந்து, சாப்பாட்டில் நாட்டம் இல்லாமல் இருந்தால் "கண்ணு பட்டிருச்சு" என்று திருஷ்டி கழிப்பதோடு நின்றுவிடாமல் ரத்தச்சோகையா என்றும் பார்க்க வேண்டும். செருப்பு இதில் பாதிக் காவல்தான். ஏனென்றால் தவழ்ந்து எழும் பிள்ளை கையாலும் முட்டியாலும்கூட மண்ணைத் தொடுகிறது. மீதிக் காவல் கழிப்பறை. அத்துடன் குடற்புழு மாத்திரை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் என்றால் அரை மாத்திரை, இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை. சின்னப் பிள்ளைக்குப் பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அன்றைக்குக் களை எடுக்கப் போய்விட்டோம் என்று விட்டுவிடாமல், விடுபட்டவர்களுக்கு என்றைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வெறுங்கால் நல்லது என்று நாங்கள் சொன்னபோது ஒரு சகோதரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா ஊர்த்தெருவுக்குள்ள நுழையும்போது செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போவாரு. எம் புள்ள கால்ல ஷூ போட்டுப் பாக்கணும்னு எனக்கு இருக்காதா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். செருப்பு நம்மில் பல பேருக்குப் போராடிப் பெற்ற உரிமை. யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை அம்மா. தெருவில் தலைநிமிர்ந்து போட்டு நடக்கட்டும், வீட்டுக்குள் வந்தால் கழற்றிவிடுங்கள். வெளியில் போடுவது நல்லதாக, காலுக்குச் சரியாக இருக்கட்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

எப்போது வாங்குவது? பிடிமானம் இல்லாமல் நாலைந்து வாரம் நன்றாக நடந்த பிறகு, வெளியே இறங்கி நடக்கத் தொடங்கும்போது. அதற்கு முன்னால் வாங்குவது இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு அழகுக்குப் போடுவதுதான். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டில் ஷூ வைத்தால் மறுக்க முடியாது; போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம்.

அளவு எடுப்பது எப்படி?

தவறு நடப்பது இங்கேதான். வாரச்சந்தைக்கு நாம் மட்டும் போகிறோம், பிள்ளை வீட்டில் இருக்கிறது. "ஒரு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறோம். ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைக்குப் பாதம் ஒரே அளவாக இருக்காது. ஷூவில் அச்சிட்ட எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

பழைய வழக்கப்படி ஈர்க்குச்சியை ஒடித்து அளவு எடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் குச்சி நீளத்தை மட்டும் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. அதனால் இப்படிச் செய்து பாருங்கள்.

சாயங்காலம் எடுங்கள். நாள் முழுக்க ஆடிய பிறகு பாதம் சற்று விரிந்திருக்கும். பழைய நோட்டு அட்டை ஒன்றைத் தரையில் வைத்து, குழந்தையை அதன்மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்த காலில் எடுக்கக் கூடாது. நின்று எடை இறங்கும்போதுதான் பாதம் முழு நீளத்துக்கு வரும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் கோடு போட வேண்டும். பென்சிலைச் சாய்த்தால் அளவு குறைந்துவிடும். குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும், கூச்சத்தில் சிரிக்கும், அட்டையைப் பிடுங்கும். இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டிவரும். இரண்டு காலுக்கும் எடுங்கள், எது பெரியதோ அதுதான் கணக்கு.

அந்தக் கோட்டின்படி வெட்டுங்கள். வெட்டும்போது விரல் பக்கம் மட்டும் ஒரு விரல்கடை, அதாவது சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இந்த அட்டைப் பாதத்தைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகலாம். ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள். அட்டை மடங்காமல், ஓரம் வளையாமல் தட்டையாக உட்கார்ந்தால் அளவு சரி. மடங்கினால் சின்னது. முன்னும் பின்னும் ஓடினால் பெரியது. கடைக்காரர், "போட்டா தளர்ந்துரும்மா" என்பார். தளராது. தளர்ந்தால் அது குழந்தையின் கால்தான்.

"பெரிசா வாங்கினா ரெண்டு வருசம் போடலாம்" என்கிற கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கூட்டமைப்பில் ஒரு வீட்டில் திருவிழாக் கடையில் அப்படித்தான் வாங்கினார்கள். முனையில் பஞ்சு திணித்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் வாசல்படியில் ஷூ முனை இடறிக் குழந்தை முகம் குப்புற விழுந்தது. புருவத்தில் மூன்று தையல். அதற்கு ஆட்டோக் கூலி, மருந்துச் செலவு, இரண்டு நாள் வேலைக்குப் போகாத நஷ்டம் எல்லாம் சேர்த்தால் நாலு ஜோடி வாங்கியிருக்கலாம். நாம் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகியவர்கள். இந்த வயதில் பாதம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வரை வளரும். ஒரு ஜோடி நாலைந்து மாதத்துக்குமேல் வராது என்று தெரிந்தே வாங்க வேண்டும். அப்படியிருக்க விலை உயர்ந்த ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஓட்டுவதைவிட, எளிய விலையில் சரியான அளவில் வாங்கி மாற்றிக்கொள்வதே லாபம்.

கடையில் கையால் பாருங்கள்

ஷூவைக் கையில் எடுத்ததும் மேல்பக்கத்துப் பொம்மைப் படத்தைப் பார்க்காமல், கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்பகுதியைக் கட்டைவிரலால் மேல்நோக்கி வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் சுலபமாக வளைய வேண்டும். வளையவே இல்லை என்றால் அது பலகை. நடுவில் இரண்டாக மடங்கிவிட்டால் அதுவும் சரியில்லை. அடிப்பாகம் மெல்லியதாக, வழுக்காதபடி வரிவரியாக இருக்கட்டும். குதிகால் உயரம் துளிகூட வேண்டாம்.

முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். குழந்தையின் பாதம் விசிறி போல, விரல் பக்கம் விரிந்தது. முனை கூர்மையான ஷூ பார்க்க எடுப்பாக இருக்கும்; அந்த விசிறியை மடக்கித்தான் உள்ளே நுழைக்க வேண்டியிருக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு, ஆணி முனை, பசை கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள்.

எடை குறைவாக இருக்கட்டும். தத்தி நடக்கிற பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்க வேண்டும் அல்லவா?

நம் வெயிலுக்கு மூடிய ஷூவைவிட, விரல் தெரியும்படி திறந்து, பின்பக்கம் வார் வைத்த செருப்பே மேல். காற்றுப் போகும், வேர்வை தங்காது, விரல் முட்டுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். முள்ளுக்காட்டு ஓரமாகக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் மட்டும் முனை மூடியது, துணியிலோ மென்மையான தோலிலோ செய்தது வாங்கலாம். கட்டைவிரலில் மட்டும் மாட்டுகிற ரப்பர் செருப்பு நடை பழகும் பிள்ளைக்கு ஆகாது. கழன்று போகாமல் இருக்க விரலைச் சுருக்கிச் சுருக்கி நடக்கும், நடையே கெட்டுவிடும். கணுக்கால் அருகே ஒட்டும் பட்டை வைத்தது வசதி. கயிறு கட்டுகிறது வேண்டாம், மிதித்து விழும்.

இப்போது பீப்பீ ஷூ. இதைச் சொன்னால் குழந்தைகள் எங்களோடு சண்டைக்கு வந்துவிடும். குதிகாலை அழுத்தினால் கீச் கீச் என்று கத்தும் அந்த ஷூவில் ஒரு நன்மை இருப்பதை ஒத்துக்கொள்கிறோம்: அடுப்படியில் இருந்தாலும் பிள்ளை எங்கே போகிறது என்று காதில் விழும். ஆனால் சத்தத்துக்காகவே குழந்தை குதிகாலை ஓங்கி ஓங்கி மிதித்து நடக்கும். அடிப்பாகம் கிழிந்தால் உள்ளே இருக்கும் ஊதல் வெளியே வந்துவிடும். அது வாய்க்குப் போனால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். சத்தம் வேண்டும் என்றால் நம் கொலுசு எதற்கு இருக்கிறது? அதிலும் சலங்கை மணி கெட்டியாக இருக்கிறதா என்று அவ்வப்போது இழுத்துப் பாருங்கள்.

மிதித்தால் விளக்கு எரியும் ஷூ இதைவிட ஆபத்து. விளக்குக்காக உள்ளே சின்ன பட்டன் பேட்டரி வைத்திருப்பார்கள். பழையதாகி அடிப்பாகம் பிளந்தால் அது வெளியே வரும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாழைப்பழம் கொடுத்தால் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காமல், 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த விளக்கு ஷூ வேண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

வாங்கி வந்த பிறகு

முதல் நாள் பத்து நிமிடம் வீட்டில் போட்டு நடக்கவிட்டுக் கழற்றிப் பாருங்கள். விரல் முனையிலோ குதிகாலிலோ சிவந்த தடம் இருந்தால் கடிக்கிறது என்று அர்த்தம். மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

போடும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டுங்கள். மழைக்காலத்தில் தேளும் பூரானும் புகுந்து கிடக்கும். இது பெரியவர் செருப்புக்கும் பொருந்தும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் செருப்பை அப்படியே மாட்டிவிடாதீர்கள், சூடு ஏறியிருக்கும். கழற்றிய பிறகு காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அட்டையில் கோடு போடுங்கள். தடுப்பூசி அட்டையோடு இதையும் சேர்த்து வைத்தால் மறக்காது. முன்னால் விட்ட இடம் அரை விரல்கடையாகக் குறைந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அக்காள் போட்டதைத் தம்பிக்குப் போடலாமா? கூடாது என்று சொல்வது சுலபம், எல்லார் வீட்டிலும் முடியாது. கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அல்லது உள்ளே அக்காளின் விரல் பதிந்து குழிந்திருந்தால் வேண்டாம். நாலு நாள் போட்டு அப்படியே புதிதாக இருப்பதென்றால் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துப் போடலாம்.

குறை ஷூவில் இல்லாதபோது

இந்தப் பாடத்தை எழுத எங்களைத் தூண்டிய இன்னொரு விஷயம் உண்டு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் பதினாறு மாதத்தில் நடக்கத் தொடங்கினாள். நடை வாத்து நடைபோல ஆடி ஆடி இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. "ஷூ சரியில்ல" என்றார் மாமியார். மாற்றினார்கள். "இன்னும் கெட்டியா வாங்கணும்" என்றார்கள். மறுபடி மாற்றினார்கள். மூன்று ஜோடி மாறியது, எட்டு மாதம் ஓடியது. பிள்ளைக்கு வலி இல்லை, அழவில்லை, ஓடி ஆடிக்கொண்டுதான் இருந்தாள். அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் மருத்துவக் குழு மருத்துவர் அவளை வெறுங்காலில் நடக்கவிட்டுப் பார்த்தார். படுக்க வைத்து இரண்டு முட்டியையும் மடக்கி ஒப்பிட்டார். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு மூட்டு பிறவியிலேயே கிண்ணத்தை விட்டு விலகியிருந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கித் திரிந்தார். இப்போது நடக்கிறாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்திருந்தால் கத்தி வைக்காமல் பட்டை போட்டே சரிசெய்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை அந்தத் தாயால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். நாங்களும்தான் பார்த்தோம், நாங்களும் "ஷூவை மாத்து" என்றுதான் சொன்னோம்.

ஆகவே ஷூவின் மேல் பழி போடும் முன் குழந்தையை வெறுங்காலில் நடக்கவிட்டுப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா? தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையா? நொண்டுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நடக்க மறுக்கிறதா? இரண்டு வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறதா? 18 மாதமாகியும் நடக்கவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். கால் வில்போல வளைந்திருப்பது இரண்டு வயது வரை பல பிள்ளைகளுக்கு இயல்பு. அதற்குப் பிறகும் நேராகாமல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ சத்துக் குறைவா, வேறு காரணமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குழு எந்தத் தேதிக்கு வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு, அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவரச் செய்வது நம் குழுக்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலை.

பிறக்கும்போதே பாதம் உள்நோக்கி வளைந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை வளைபாதம் என்பார்கள். கிரகணம் பார்த்ததால் வந்ததல்ல. பிறந்த சில வாரத்திலேயே தொடங்கி வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டு நேராக்கிவிடுகிறார்கள். பிறகு நடுவில் கம்பி வைத்து இணைத்த ஒரு விசேஷ ஷூ கொடுப்பார்கள். கட்டுப் பிரித்ததும் முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போது போட வேண்டும். அந்தப் பிள்ளை அழுகிறதே என்று பரிதாபப்பட்டு, "கால்தான் நேராயிருச்சே, கழட்டி எறி" என்று தாய்க்கு யோசனை சொல்லாதீர்கள். பாதியில் நிறுத்தினால் பாதம் மறுபடி வளைந்துவிடும். நாம் இதுவரை பேசிய எல்லா ஷூவையும் வீட்டுக்குள் கழற்றச் சொன்னோம். கழற்றக் கூடாத ஷூ இது ஒன்றுதான். அப்படி ஒரு பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், ராத்திரி அந்தத் தாயோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிள்ளையைத் தேற்றிக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளை உள்ள உறுப்பினர்கள் அட்டைப் பாதம் வெட்டிக்கொண்டு, பிள்ளை இப்போது போடும் செருப்பையும் எடுத்து வாருங்கள். எல்லோரும் பார்க்க உள்ளே வைத்துப் பாருங்கள். எத்தனை செருப்பில் அட்டை மடங்கியது, எத்தனையில் ஓடியது என்று தீர்மான நோட்டின் பின்பக்கம் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பாய் விரிக்காத தரையில், வெறுங்காலோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கவிட்டு எல்லோரும் ஒரு தடவை பார்ப்போம்.